பேட்ச் தவறியவள்

முதலாண்டு அனாட்டமியில் நான் தோற்ற பிறகு, விடுதி மெஸ்ஸில் என் தோழிகளின் பேச்சு மாறிப்போனது. நான் தட்டோடு போய் உட்கார்ந்தால் வார்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதை நிறுத்திவிட்டுச் சாம்பாரைப் பற்றிப் பேசுவார்கள். வார்டுப் பேச்சைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்குமாம். எத்தனை நாளைக்குத்தான் சாம்பாரைப் பற்றிப் பேசுவது? அதுவும் எங்கள் மெஸ் சாம்பாரில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? கொஞ்ச நாளில் அவர்கள் நான் வருமுன்பே சாப்பிட்டு எழுந்து போய்விட ஆரம்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கோபம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

துணைத் தேர்விலும் அதே பாடம் போயிற்று. அதோடு நான் 'பேட்ச் தவறியவள்' ஆனேன். மருத்துவக் கல்லூரியில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்கு ஊர், சாதி, சொந்தம் எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு, அது பேட்ச். ஒரே வருஷம் சேர்ந்தவர்கள் கடைசிவரை ஒன்றாகப் போவார்கள். அவர்களுக்குள் ஏளா, ஏலே, வாடி, போடா. ஒரு வருஷம் மூத்தவராக இருந்தாலும் அக்கா, அண்ணன். பேட்ச் தவறினால் நம் ஆட்கள் மேலே போய்விடுவார்கள், நாம் புதிதாக வந்தவர்களோடு முதலாண்டு வகுப்பில் உட்கார வேண்டும். அந்தப் புதியவர்களுக்கும் நாம் அக்காதான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடத்தைப் படித்தாலும் அக்கா அக்காதான்.

நான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. வீட்டில் மிளகாயும் மல்லியும் போடுவார்கள். அரசுப் பள்ளியில் தமிழில் படித்து, பிளஸ் டூ மார்க்கில் இடம் கிடைத்துத் தூத்துக்குடிக்கு வந்தேன். எழுத்துத் தேர்வை எப்படியோ மனப்பாடம் செய்து ஒப்பேற்றிவிடுவேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில்தான் மாட்டிக்கொள்வேன். எலும்பைக் கையில் கொடுத்து இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள். விடை நெஞ்சுவரைக்கும் வரும், வாய்க்கு வராது. எனக்குத் தெரியாது என்றே எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். தோற்றதை வீட்டில் சொன்னபோது அம்மா, "அதுக்கென்னளா, இன்னொரு தடவ படி. மழ பெய்யலன்னா நாம மறுபடி வெதைக்கலியா?" என்றாள். அப்பா போனை வாங்கி அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

புதிய வகுப்பில் முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். யாரோ அவர்களிடம் சீனியர் வந்தால் எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். "உக்காருங்கப்பா, நானும் இங்கதான் படிக்கேன்" என்றேன். உட்கார்ந்தார்கள். நான் போய் உட்கார்ந்த பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களும் மெல்ல நகர்ந்து, எனக்குத் தாராளமாக இடம் விட்டு ஓரத்துக்குப் போய்விட்டார்கள். அந்த வருஷம் முழுக்க எனக்குத் தாராளமான இடம் இருந்தது.

அப்போது நான் ஆசைப்பட்டது ஒன்றுதான். இந்தத் தடவை பாஸாகி இவர்களோடு இரண்டாமாண்டுக்குப் போய்விட்டால் எனக்கு மறுபடி ஒரு பேட்ச் கிடைத்துவிடும். டாக்டர் ஆவதெல்லாம் அப்புறம். யாராவது என் தோளில் கையைப் போட்டு "வாளா, டீ குடிக்கப் போவோம்" என்று கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

எங்கள் கல்லூரியில் மாணவர்களே நடத்துகிற ஒரு முகாம் உண்டு. துறைமுகத்துக்கு வடக்கே, கடலோரத்துக் குடியிருப்பு ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதா கோயில் பக்கத்து மறைக்கல்விக் கூடத்தில் நடக்கும். பெரும்பாலும் சங்கு குளிக்கப் போகிறவர்களின் குடும்பங்கள். முத்துக்குளி என்று வெளியூர்க்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள், இப்போது எல்லோரும் எடுப்பது சங்குதான். முகாமை நடத்துவது இறுதியாண்டு அண்ணன் ஒருவர். மருந்து எழுதுவது பயிற்சி மருத்துவர்கள். ஓர் உதவிப் பேராசிரியர் மேற்பார்வைக்கு வந்து உட்கார்ந்திருப்பார். இரண்டாமாண்டுக்காரர்கள் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். முதலாண்டுக்காரர்கள் பெஞ்சு தூக்குவார்கள். சீனியர் ஜூனியருக்குக் கற்றுக்கொடுப்பதும் அங்கேதான். பாடப்புத்தகத்தில் இல்லாததை எல்லாம் அங்கே படிக்கலாம் என்பார்கள்.

நான் போனபோது எனக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. ரத்த அழுத்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் என் பழைய பேட்ச். என் அறைத்தோழி என்னைப் பார்த்துவிட்டு, "ஏளா, இங்கன வந்து உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் இறுதியாண்டு அண்ணன், "முதலாண்டு யாரும் பேஷண்ட் மேல கை வைக்கக் கூடாதும்மா. ரூல்" என்றார். நல்ல மனிதர்தான், ரூலைத்தான் சொன்னார். என் தோழி நாற்காலியைத் திரும்ப உள்ளே தள்ளினாள். பெஞ்சு தூக்கலாம் என்று போனால் அங்கே ஜூனியர் பையன்கள், "ஐயோ, நீங்க தூக்காதிய அக்கா!" என்று பறித்துக்கொண்டார்கள். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. உப்புக்காற்று அடிக்கிற வாசல்படியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

பாவம் பார்த்தோ என்னவோ, அந்த அண்ணனே ஒரு வேலை கொடுத்தார். காத்திருக்கிற ஆட்களுக்குப் பொழுது போக வேண்டும், அனாட்டமித் துறையிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் மூட்டுகளை வைத்து ஏதாவது சொல்லு என்றார். நான் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். முதலில் வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும், சங்கு குளிக்கிறவர். வலது கை தோளுக்கு மேலே போகவில்லை என்றார். "அங்கன போனா சட்டுனு மருந்து எழுதிக் குடுத்துருதாவ பிள்ள. என்ன நோவுன்னு கேட்டா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்காவ" என்று குறைப்பட்டார்.

நான் பிளாஸ்டிக் தோளைக் கையில் எடுத்தேன். "இந்தா பாருங்க அண்ணாச்சி, இது ஒங்க கை எலும்பு. இதோட தலை உருண்டையா இருக்குல்லா? இது உக்காருத குழி எவ்வளவு சின்னது பாருங்க. குழி சின்னதா இருக்கதாலதான் கைய எந்தப் பக்கமும் சுத்த முடியுது. குழி ஆழமா இருந்தா கை கழலாது, ஆனா நீங்க நீச்சலும் அடிக்க முடியாது." அவர் தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எந்த நரம்பு எங்கே சுற்றிப் போகிறது, எந்தச் சதை கையைத் தூக்க ஆரம்பித்து வைக்கிறது, எது பாதியில் வாங்கிக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். ஆழத்தில் போய் வேலை பார்க்கிறவர்களுக்குத் அந்த எலும்பின் தலையே கெட்டுப்போவதும் உண்டு, படம் எடுத்துப் பார்க்கச் சொல்லி மறக்காமல் கேளுங்கள் என்று அவரை மேசைக்கு அனுப்பினேன். நிமிர்ந்து பார்த்தால் என்னைச் சுற்றி ஒரே கூட்டம். நோயாளிகளுக்குப் பின்னால் பெஞ்சு தூக்க வந்த ஜூனியர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் தூத்துக்குடி டவுன் பாத்திரக்கடைக்காரர் ஒருவரின் மகள் இருந்தாள். கான்வென்ட் படிப்பு, இங்கிலீஷ் பிய்த்து உதறுவாள். திரும்பிப் போகிற பஸ்ஸில் என் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். உட்காரவில்லை. "அக்கா, இந்தத் தோள் பாடம் எனக்கு ஒரு மாசமா மண்டையில ஏறல. நீங்க சொன்னதும் ஏறிட்டு. நாளைக்கு எங்க எல்லாத்துக்கும் சொல்லித் தாரியளா?" என்றாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. "உக்காரு" என்றேன். "பரவால்லக்கா" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாளிலிருந்து மதிய வகுப்பு முடிந்ததும், பிணத்தை அறுத்துப் பாடம் படிக்கிற டிசெக்‌ஷன் ஹாலில் நான் பாடம் நடத்தினேன். முதலில் ஐந்தாறு பேர், பிறகு பாதி வகுப்பு. உடலைச் சுற்றி நின்றுகொண்டு தமிழில் கேட்பார்கள், தமிழில் சொல்வேன். ஒருவன் கயத்தாற்றுப் பையன், எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பான். எனக்குக் கோபம் வரும். "ஏன்னா கடவுள் அப்படித்தாம்லே படைச்சிருக்காரு, சொல்லுதத எழுது" என்பேன். ஆனால் அறைக்குப் போய் அந்த ஏன்-க்கு விடை தேடிக்கொண்டு மறுநாள் வருவேன். ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் எனக்கு எதெல்லாம் தெரியாது என்பது தெரிந்தது. அந்த ஒரு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். பாடம் முடிந்ததும் "தேங்க்ஸ் அக்கா" என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கும்பலாக டீக்கடைக்குப் போவார்கள். நான் கையைக் கழுவிவிட்டுத் தனியாக வருவேன்.

பாத்திரக்கடைக்காரர் மகள் மட்டும் கொஞ்ச நேரம் பின்தங்குவாள். எனக்கு வைவா பயம் என்று தெரிந்ததும் அவளே ஒரு வழி சொன்னாள். தினமும் அவள் எக்ஸாமினராக உட்கார்ந்து எனக்கு இங்கிலீஷில் கேள்வி போடுவாள், நான் விடை சொல்ல வேண்டும். "அக்கா, டெல் மீ" என்றுதான் ஆரம்பிப்பாள். "எக்ஸாமினர் என்னைய அக்கான்னு கூப்புட மாட்டான்டி" என்றால், "எப்படிக்கா ஒங்கள சும்மா கூப்புட?" என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள். நான் திக்கித் திக்கி இரண்டு வாக்கியம் சொல்வேன், அவள் திருத்துவாள். சிரிக்கவே மாட்டாள். என் பேட்ச்காரியாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். நான் அதற்காகவும் ஏங்கினேன்.

பல்கலைக்கழகத் தேர்வு எழுத வேண்டுமென்றால் கல்லூரிக்குள் வைக்கிற உள்தேர்வில் தேற வேண்டும். அந்த வருஷத்தின் கடைசி உள்தேர்வு மதியம் என்று பலகையில் போட்டிருந்தது. நான் காலையெல்லாம் அறையில் இருந்து படித்துவிட்டு, சாப்பிட்டு, வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். ஹாலில் ஒருவருமில்லை. பெருக்குகிற அம்மா மட்டும் இருந்தார். "பரீட்ச காலையிலேயே முடிஞ்சிட்டே பிள்ள, நீ வரலியா?" என்றார். ஹாலைவிட்டு ஓடினேன்.

வெளியே மரத்தடியில் வகுப்பு முழுக்க உட்கார்ந்து ஐஸ் தின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். அந்த எழுந்து நிற்பதைப் பார்த்ததும் எனக்கு வெறியே வந்துவிட்டது. "பரீட்ச காலையில்னு எவனாவது ஒரு வார்த்த சொன்னியளாலே?" என்று கத்தினேன். வகுப்புப் பிரதிநிதிப் பையன், "காலைக்கு மாத்திட்டாவன்னு நேத்து குரூப்புல போட்டோமேக்கா" என்றான்.

"எந்தக் குரூப்பு?"

"நம்ம பேட்ச் வாட்ஸப் குரூப்புக்கா."

"நான் அதுல இருக்கேனா?"

அவன் மெல்லச் சொன்னான். "இல்லக்கா. நீங்க சீனியர்லா. நாங்க அதுல கண்டதையும் பேசுவோம். ஒங்கள எப்படிக்கா அதுல சேக்க? மரியாதயா இருக்காதேன்னுதான்..."

மரியாதை! அந்த வார்த்தையைக் கேட்டதும் அழுதுவிட்டேன். அத்தனை பேர் முன்னாலும் நின்று, மூக்கைக் கோட்டில் துடைத்துக்கொண்டு அழுதேன். "ஒங்க மரியாதையில தீய வைக்க. எனக்கு அது வேண்டாம். நானும் ஒங்ககூடத்தானப்பா படிக்கேன்" என்றேன். ஒருத்தி கையிலிருந்த ஐஸ் உருகி முழங்கைவரை ஒழுகியது. பாத்திரக்கடைக்காரர் மகள் என் பக்கத்தில் வந்து கையை நீட்டினாள், என் தோள் பக்கம் வந்த கை அங்கேயே நின்றது. பிறகு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள்.

அவர்கள் நல்ல பிள்ளைகள். அதைச் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கே மொத்த வகுப்பும் கிளம்பித் துறைத்தலைவர் அறை வாசலில் போய் நின்றது. தப்பு எங்களுடையது, அக்காவுக்கு மறுபடி தேர்வு வையுங்கள், இல்லாவிட்டால் எங்கள் மார்க்கும் வேண்டாம் என்றார்களாம். துறைத்தலைவர் மேடம் எளிதில் இளகுகிறவர் இல்லை. என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, "எழுத்துத் தேர்வெல்லாம் இனி வைக்க முடியாது. வைவா வைக்கிறேன். இப்பவே. உட்கார்" என்றார். தோள்பட்டை எலும்பை எடுத்து மேசைமேல் வைத்து இங்கிலீஷில் கேட்டார்.

வழக்கம்போல் வாய் பூட்டிக்கொண்டது. எலும்பை எடுத்தேன். சொல் வரவில்லை. அழுதுவிட்டு வந்ததால் இனிப் போவதற்கு மானமும் இல்லை என்று தோன்றியது. அவரைப் பார்க்காமல் எலும்பைப் பார்த்துக்கொண்டு, ஹாலில் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி தமிழில் ஆரம்பித்துவிட்டேன். இது வலது பக்கத்து எலும்பு, ஏனென்றால் இந்தக் குழி இந்தப் பக்கம் பார்க்கிறது என்று. மேடம் தடுக்கவில்லை. தமிழ் போய்க்கொண்டே இருந்தது, நடுவில் அந்தப் பெண் பழக்கிய இங்கிலீஷ் வாக்கியங்கள் தானாக வந்து கலந்தன. முடிவில் மேடம் கேட்டார்: "நீதான் மதியம் பாடம் எடுக்கிறவளா? இந்த பேட்ச் ஏன் நன்றாகச் செய்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்." எனக்கு மார்க் போட்டார். அந்த மார்க்கால்தான் பல்கலைக்கழகத் தேர்வு எழுதினேன்.

அன்று சாயங்காலமே என்னைக் குரூப்பில் சேர்த்தார்கள். "வெல்கம் அக்கா" என்று ஒரே கைகூப்பல். அதன் பிறகு அந்தக் குரூப்பில் வகுப்பு நேரமும், பண்டிகை வாழ்த்தும், "குட் மார்னிங் அக்கா"வும் தவிர வேறெதுவும் வரவில்லை. கண்டதையும் பேச அவர்கள் வேறொரு குரூப் ஆரம்பித்துவிட்டார்கள் என்பதைப் பாத்திரக்கடைக்காரர் மகளின் போனில் ஒரு நாள் தற்செயலாகப் பார்த்தேன். கேட்கவில்லை. பாஸாகட்டும், இரண்டாமாண்டுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாஸானேன். முடிவு வந்த அன்று வீட்டுக்குப் போன் போட்டு அழுதேன். அம்மா எதற்கு அழுகிறேன் என்று புரியாமல் அவளும் அழுதாள். அப்பா போனை வாங்கி, "சாப்பிட்டியா தாயி?" என்று கேட்டார். பழைய அறைத்தோழிக்குச் செய்தி அனுப்பினேன், அவள் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினாள். எனக்கு அது போதவில்லை. எனக்கென்று இப்போது ஒரு வகுப்பு இருக்கிறது, அவர்களோடு இருக்க வேண்டும் என்று கல்லூரிக்கு ஓடினேன்.

அன்றைக்குத்தான் முதலாண்டு முடிந்த பேட்ச் போட்டோ. கல்லூரி முகப்பில் பெஞ்சுகளை அடுக்கி ஏறி நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் இன்னொருவன் முதுகில், ஒருத்தி இன்னொருத்தி கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஒரே கூச்சல். நான் மூச்சிரைக்கப் போய்ப் பின்வரிசைப் பெஞ்சில் காலை வைத்தேன்.

"அக்கா, எங்க ஏறுதிய?" என்று பதறினான் வகுப்புப் பிரதிநிதி. "ஒங்களுக்கு முன்னால சேர் போட்டிருக்கோம்."

முன்வரிசையில் ஆசிரியர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. துறைத்தலைவர் மேடத்துக்குப் பக்கத்தில் ஒன்று காலியாக இருந்தது.

"நான் இங்கயே நிக்கேன்லே. நானும் இந்த பேட்ச்தான்" என்றேன்.

பாத்திரக்கடைக்காரர் மகள் பெஞ்சிலிருந்து குதித்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நாங்க எல்லாருமா சேந்து முடிவு பண்ணினோம்க்கா. நாங்க பாஸானதே ஒங்களாலதான். ஒங்களப் போயி நிக்க வச்சிட்டு நாங்க போட்டோ எடுப்போமா?" அத்தனை பேரும் கைதட்டினார்கள். மேடம் சிரித்துக்கொண்டே பக்கத்து நாற்காலியைத் தட்டி, "வாம்மா" என்றார். அவ்வளவு அன்பை மறுத்து என்னத்தைச் சொல்ல முடியும்? போய் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் யாரோ ஏதோ கிண்டல் செய்தார்கள், மொத்த வகுப்பும் குபீரென்று சிரித்தது. என்ன கிண்டல் என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் போட்டோக்காரர் நேராகப் பாருங்கள் என்றார்.

படிப்பு முடிந்து மேற்படிப்பு எடுக்கும்போது பிரசவ டாக்டர் ஆகு, விளாத்திகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரி போடலாம் என்றாள் அம்மா. யாரும் விரும்பி எடுக்காத அனாட்டமியை எடுத்தேன். அந்த மதியங்களில்தான் நான் எதற்கோ லாயக்கானவள் என்று எனக்குத் தெரிந்தது, வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. இப்போது அதே கல்லூரியில், அதே துறையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு மேற்பார்வைக்கும் போகிறேன். முதலாண்டுப் பிள்ளைகள் நன்றாகக் கேட்கிறார்கள், சாயங்காலமானால் போய்விடுகிறார்கள். பாத்திரக்கடைக்காரர் மகள் மும்பையில் இருக்கிறாள், ஆசிரியர் தினத்துக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புவாள்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருத்தி துறைச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த பேட்ச் போட்டோவுக்கு முன்னால் நின்றாள். வெள்ளைக் கோட்டோடு, முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் வைத்து மேடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னை அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள்.

"மேடம், நீங்க அப்பவே இங்க ஸ்டாஃபா இருந்தீங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.